மாரம்மா பேசாமல் இருந்த நாலு நாள்

மாரம்மா எனக்கு மருமகள் முறை. என் அம்மாவின் தம்பி சிக்கமாதப்பனுக்கு இரண்டு தாரம். மூத்த தாரத்து மகன் பசவன். பசவனுக்கு நாலு பெண்கள், அதில் கடைசிப் பெண் இவள். ஊர் அஞ்செட்டிக்கு மேலே காட்டை ஒட்டி இருக்கிறது. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், நடுவில் போக வேண்டுமென்றால் நடக்க வேண்டியதுதான். அந்த வம்சத்தில் ஆண், பெண் எல்லாருக்கும் கை நீளம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அளவைச் சொல்கிறேன். ஆட்டுக்குத் தழை ஒடிக்க மற்றவர்கள் தொரட்டிக் கம்பு தேடும்போது சிக்கமாதப்பன் நின்ற இடத்திலிருந்தே கிளையை வளைத்துவிடுவார். பசவனும் அப்படி, மாரம்மாவும் அப்படி. மாரம்மா பெற்ற காவியாவுக்கு இன்னும் இரண்டு விரல் கூட.

காவியாவைப் பற்றிச் சொல்லப் பேப்பர்காரர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது மாரம்மாவைப் பற்றி. இதில் பாதி அவளே என்னிடம் சொன்னது. பாதி அவள் பக்கத்து வீட்டுக் காளியம்மாள் சொன்னது.

மாரம்மாவைக் கங்கப்பனுக்குக் கொடுத்தார்கள். அவனும் நமக்குத் தூரத்துச் சொந்தம்தான், அவன் பாட்டனும் என் பெரியப்பாவும் சகலைகள். கல் குவாரியில் டிரில் போடுகிற வேலை. பெண் குழந்தை ஒன்று பிறந்தது. எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு உடனே பேர் வைக்க மாட்டோம். மாதேஸ்வரன் மலைக்குத் தூக்கிப்போய் முதல் முடி எடுத்த பிறகுதான் பேர். அதுவரைக்கும் பாப்பா, கூசு, எது வாயில் வருகிறதோ அது. காவியாவுக்கு மூன்றாம் வருஷம் முடி எடுத்துப் பேர் வைத்தார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே கங்கப்பன் நெஞ்சில் தூசி அடைத்துப் போய்ச் சேர்ந்தான். மாரம்மாவுக்கு அப்போது இருபத்து நாலு வயசு.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்கு வந்தாள். சிப்காட் பக்கம் பத்து வீடு ஒரே வரிசையில் இருக்கிற லைன் வீடு, பத்துக்கும் சேர்த்து ஒரு குழாய். வேலை, காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுகிற கம்பெனியில். ஒரு பெரிய பலகையில் ஆணி ஆணியாக அடித்திருக்கும். கலர் கலரான ஒயரை அந்த ஆணி வழியாக ஓட்டி, டேப் சுற்றி, கொத்தாகக் கட்டி அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். இவள் கை நீளத்துக்குப் பலகையின் இரண்டு முனையும் எட்டும். சூப்பர்வைசர் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் நாலு வயசுக் குழந்தையை யார் பார்ப்பார்கள்? ஊரில் விட்டுவிட்டு வரலாமென்றால் பசவனும் உயிரோடு இல்லை, அக்காமார் மூன்று பேரும் கர்நாடகா பக்கம் கட்டிப்போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக் காளியம்மாள்தான் வழி சொன்னாள். அவள் விருதுநகர்ப் பக்கத்துக்காரி, அதே கம்பெனியில் வேலை, வயசில் மூத்தவள்.

"மதினி, பேசாம பள்ளிக்கூடத்துல சேத்துவிடு. மத்தியானச் சாப்பாடும் போடுவான், நாலு மணி வரைக்கும் பிள்ளையும் அங்கன கெடக்கும்."

"நாலு வயசுதாங்க்கா ஆவுது. அஞ்சு முடிஞ்சாத்தான் சேப்பாங்களாம்."

"அஞ்சுன்னு சொல்லு. ஒம் மக ஒசரத்துக்கு ஏழுன்னாலும் நம்புவான்."

தலைமை ஆசிரியர் பிறந்த சர்டிபிகேட் கேட்டார். மலை மேல் வீட்டிலேயே பிறந்த குழந்தை, எங்கேயும் எழுதவில்லை என்றாள் மாரம்மா. அதை அவள் பொய்யாகச் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்திருந்தாள். பேரே வைக்காத பிள்ளையை எந்த ஆபீஸில் எழுதியிருக்கப் போகிறார்கள் என்பது அவள் கணக்கு. வயசு அஞ்சு முடிந்தது என்றதுதான் பொய்.

அவர் காவியாவைக் கூப்பிட்டு, "தலைக்கு மேல கையைப் போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடு, பாக்கலாம்" என்றார். வயசு பத்தாத குழந்தைக்கு எட்டாது, அதுதான் பழைய சோதனை. காவியா தொட்டதோடு நிற்கவில்லை, காதைப் பிடித்து ஆட்டியும் காட்டினாள். டீச்சர்கள் சிரித்தார்கள். பிறந்த தேதி என்கிற இடத்தில் அவரே 2008 மே 2 என்று எழுதினார். மாரம்மா கையெழுத்துப் போட்டாள். நிஜத்தில் பிள்ளை பிறந்தது 2009 ஏப்ரலில். கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூப்பாகிவிட்டாள், ஒரு கையெழுத்தில்.

அதன் பிறகு அதை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்? மாரம்மா ஷிஃப்டுக்குப் போனாள், வந்தாள். காவியா வளர்ந்தாள். ஆறாம் வகுப்பில் கமலக்கண்ணன் என்கிற விளையாட்டு வாத்தியார் வந்தார். பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். எல்லாப் பிள்ளைகளும் பந்துக்குப் பின்னால் ஓட, இவளை மட்டும் இரண்டு கம்பத்துக்கு நடுவில் நிறுத்தினார். கோல் கீப்பர். பந்து உள்ளே போகாமல் பிடிக்கிற வேலை. அடுத்த வருஷம் லைன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சேலம் பக்கம் அரசு விளையாட்டு விடுதி இருக்குதும்மா. படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவங்களே. இந்தப் பொண்ணு கை ஆயிரத்துல ஒண்ணு."

மாரம்மா காவியாவைப் பார்த்தாள். அது ஏற்கெனவே பையில் துணி வைத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் போனவள்தான். ஏழாம் வகுப்பிலிருந்து விடுதி. பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்ததும் அங்கேயே. தீபாவளிக்கு மூன்று நாள் வருவாள், வந்த இரண்டாம் நாளே கிரவுண்டு எங்கே இருக்கிறது என்று கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு போன். பத்து நிமிஷம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அடி கிடி பட்டுச்சா, இல்ல. அதற்குள் பின்னால் யாராவது "காவியா" என்று கத்துவார்கள், வைத்துவிடுவாள்.

தனியாக இருக்கிறவளுக்கு வீட்டில் என்ன வேலை இருக்கும்? ஒரு ஆளுக்குக் களி கிண்டினால் சட்டியில் ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம் என்று கம்பெனி கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு வருவாள். லீவு நாளில் சமைப்பதே இல்லை, டீயும் பன்னும். ஓவர்டைம் இருக்கிறதா என்று அவளாகப் போய்க் கேட்பாள். கம்பெனியில் அதற்குக் கேலி உண்டு. யாரும் இல்லாத வீட்டுக்கு ஏன் போகவேண்டும் என்று அவள் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை.

ஒன்று சொன்னாள் என்னிடம், சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். கொரோனா வந்தபோது விடுதியை மூடி காவியாவை வீட்டுக்கு அனுப்பினார்கள் அல்லவா? ஏழெட்டு மாசம் வீட்டில் இருந்தாள். ஊரெல்லாம் சாவு, கம்பெனி மூடிக் கிடக்கிறது, கையில் காசில்லை. "மாமா, எனக்கு அதுதான் நல்ல காலம்" என்றாள். காவியா சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடிப்பாளாம். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இவள் வெங்காயம் உரிப்பாளாம். அடுத்த வீட்டுக்காரன் சத்தத்துக்குச் சண்டைக்கு வந்தால் இவள் வாசலில் நின்று அவனோடு சண்டை போடுவாளாம். அதுவும் பிடித்திருந்ததாம்.

ஆனால் பாருங்கள், மகள் ஆடுகிற ஆட்டம் ஒன்றைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. ஷிஃப்டு விட்டால் போட்டி முடிந்திருக்கும். போட்டி இருக்கிற ஊருக்குப் போக இரண்டு நாள் லீவு கேட்க வேண்டும். அப்படியே போய்விட்டது.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். பெங்களூரில் ஒரு போட்டி வைத்தார்கள். ஆறு நாட்டிலிருந்து பதினேழு வயசுக்கு உட்பட்ட பெண்கள் வந்து ஆடுகிற போட்டி. நம் நாட்டு அணிக்கு ஆள் எடுக்க முன்கூட்டியே பயிற்சி முகாம் போட்டார்கள். அந்த முகாமின் கோச்சு அம்மா, மாநிலப் போட்டி ஒன்றில் காவியாவைப் பார்த்துவிட்டு முகாமுக்கு வரச் சொல்லியிருந்தார். முகாமுக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் மணிக்கட்டில் எலும்புப் படம் எடுத்தார்கள். வயசைக் குறைத்துச் சொல்லி வருகிறவர்களைக் கண்டுபிடிக்க. காவியாவின் எலும்பு சின்ன வயசு எலும்புதான், தாராளமாக ஆடலாம் என்று வந்தது. கோல் கீப்பர் இடம் அவளுக்கு என்று பேச்சு.

அப்புறம் சர்டிபிகேட்டைப் பார்த்தார்கள். 2009 ஜனவரி ஒன்றுக்குப் பிறகு பிறந்தவர்கள்தான் ஆடலாம். சர்டிபிகேட் 2008 மே என்கிறது. எலும்பு ஒன்று சொல்கிறது, காகிதம் ஒன்று சொல்கிறது. எல்லாப் பிள்ளைகளும் காகிதத்தில் இளசாக வந்து எலும்பில் மாட்டிக்கொள்ளும். இவள் தலைகீழ். கோச்சு அம்மாவுக்கே சந்தேகம் வந்து, "வீட்டில் கேள், பிறந்தபோதே பதிந்த சர்டிபிகேட் வேறு ஏதாவது இருந்தால் அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொண்டுவா, அத்தோடு பட்டியல் போய்விடும்" என்று சொல்லியிருக்கிறார். முழுசாக எட்டு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"அம்மா, நான் எப்பம்மா பொறந்தேன்?"

"என்ன சாமி திடீர்னு?"

"நெசமான தேதி சொல்லு. சர்டிபிகேட்ல இருக்கறதா, வேறயா? வேறன்னா நான் டீமுக்குப் போவேன். இல்லன்னா போக மாட்டேன். அவ்ளோதான்."

மாரம்மா, "சர்டிபிகேட்ல இருக்கறதுதான்" என்றாள்.

 "சரி" என்று காவியா வைத்துவிட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? போன மாசம்தான் கம்பெனியில் ஒரு பெண்ணைப் பிடித்தார்கள். அக்காவின் சர்டிபிகேட்டைக் காட்டி வேலைக்குச் சேர்ந்த பதினாறு வயசுப் பெண். கான்ட்ராக்டர் எல்லார் முன்னாலும் நிறுத்தி, பொய் வயசு கொடுத்தால் போலீஸ் கேசு, பெற்றவளையும் உள்ளே தள்ளுவார்கள் என்று கத்தினான். அந்தப் பெண் அழுதுகொண்டே யூனிஃபார்மைக் கழற்றிக் கொடுத்தது மாரம்மாவின் கண்ணிலேயே நின்றது. தன் கையெழுத்து பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் காவியாவின் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ எல்லாம் செல்லாமல் போய்விடுமோ? இந்தப் பயம்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. புதன் போனது. கம்பெனியில் இவள் கை இரண்டு தடவை தப்பு ஒயரை எடுத்தது. பதிமூன்று வருஷத்தில் அப்படி ஆனதில்லை. வியாழக்கிழமை ஷிஃப்டு விட்டு வந்து, குழாயடியில் குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல் நின்றிருந்தாள். காளியம்மாள்தான் குழாயை மூடினாள்.

"ஏ மதினி, தண்ணி ரோட்டுல ஓடுது. என்னத்தப் பாத்துட்டு நிக்க?"

மாரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். காளியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அடி கூறுகெட்டவளே! பள்ளிக்கூடத்துல சேக்க அஞ்சுன்னு சொன்னதுக்கு ஒன்னய ஜெயில்ல போடுவானா? அப்படின்னா பாதி நாட்ட உள்ள போடணும். நானே மூணு பிள்ளைக்கும் வாய்க்கு வந்த தேதிதான் குடுத்தேன். பிள்ள பொறந்தப்ப கூட யாரு இருந்தா?"

"ஒரு நர்சம்மா வந்தாங்க. தடுப்பூசி போட வந்தவங்க, வலி வந்துடுச்சுன்னு இருந்து பாத்துட்டுப் போனாங்க."

"அந்தம்மா எங்கன இருக்கு இப்ப?"

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மாரம்மா தேன்கனிக்கோட்டைக்குப் போனாள். வீரலட்சுமி என்கிற அந்த நர்சு ரிடையராகி அங்கே மகன் வீட்டில் இருந்தாள். கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்து, "பசவன் மகதான நீ? தோள்பட்டைய பாத்தாலே தெரியுது" என்றாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எழுதலன்னு யார் சொன்னது உனக்கு? நான் பாத்த பிரசவம் ஒன்னுகூட எழுதாம விட்டதில்ல. பேர் வெச்சிருந்தா என்ன, வெக்காட்டி என்ன? பெண் குழந்தை, அம்மா பேரு, அப்பா பேரு, தேதி. போதும். பேர் கட்டம் காலியாத்தான் இருக்கும், அப்புறம் போய் எழுதிக்கணும். ஊரே அப்படித்தான் விட்டுடுச்சு, ஒருத்தரும் வந்து வாங்கறதில்ல."

"இத்தன வருசமா அங்கயே இருக்குதாங்கம்மா?"

"பின்ன எங்க போவும்? நீதான் வரல."

மாரம்மா வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று காவியாவுக்குப் போன் போட்டாள். பிறந்த தேதி வேறு, பதிந்தும் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றாள். அந்தப் பக்கம் காவியா கத்தியதில் பக்கத்தில் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தான். கத்தி முடித்துவிட்டு அவள் கேட்டாள்:

"அப்ப ஞாயித்துக்கெழம ஏன்மா சொல்லல?"

"ஞாபகம் இல்ல சாமி. இந்த நர்சம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது."

பதிவு ஆபீஸுக்கு ஓடினாள். மணி ஐந்தரை. மூடிவிட்டார்கள். சனி, ஞாயிறு லீவு. திங்கட்கிழமை கதவு திறக்கும்போது முதல் ஆளாக நின்றாள். பதிவு இருந்தது. 2009 ஏப்ரல் 22, பெண் குழந்தை, தாய் மாரம்மா, தந்தை கங்கப்பன். பேரைச் சேர்க்க மனு, அதற்கு ஒரு சான்று, மேலதிகாரி கையெழுத்து. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவசரம் என்று கேட்டு இரண்டே நாளில் கொடுத்துவிட்டார்கள். புதன்கிழமை மத்தியானம் கையில் வந்தது. அதே காகிதத்தை முந்தின திங்கட்கிழமை போய்க் கேட்டிருந்தால் முந்தின புதன்கிழமையே வந்திருக்கும்.

அங்கிருந்தே பெங்களூருக்குப் பஸ் ஏறினாள். முகாம் வாசலில் கோச்சு அம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கம் முழுக்கப் படித்தார், திருப்பியும் பார்த்தார். பட்டியல் திங்கட்கிழமையே போய்விட்டது, இனி அடிபட்டால் ஒழிய ஆளை மாற்ற முடியாது என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். இவளுக்கு அது நன்றாகவே புரிந்தது. காவியா அப்போது பயிற்சியில் இருந்தாள், பார்க்க முடியவில்லை. மறுநாள் அவளை விடுதிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இங்கே ஒன்று கவனியுங்கள். யாரும் மாரம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. ஆபீஸ் லீவு, அதனால்தான் தவறிவிட்டது என்று கமலக்கண்ணன் வாத்தியார் சொன்னார். சனி ஞாயிறு குறுக்கே வந்துவிட்டது என்று காளியம்மாள் சொன்னாள். காவியாவும் அதையே நம்பினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வழக்கம்போலப் போன் வந்தது. "விடும்மா, நீ என்ன பண்ணுவ? பஸ்ல அலைஞ்சு அலைஞ்சு உடம்பக் கெடுத்துக்காத" என்று அவளே ஆறுதல் சொன்னாள். பத்து நிமிஷம் அல்ல, அன்றைக்கு அரை மணி நேரம் பேசினாள். ஆறு வருஷத்தில் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அந்த அரை மணி நேரம் வாரா வாரம் வரும். மாரம்மாவால் முடியவில்லை. சனிக்கிழமை லீவு போட்டு, எள்ளுருண்டை பிடித்து எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனாள். வாசலில் பார்க்க வருகிறவர்களுக்கு என்று ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறது. காவியா பயிற்சி உடையோடு வந்து உட்கார்ந்து ஒரு உருண்டையை வாயில் போட்டாள்.

"ஆபீஸ்காரங்களத்தான் திட்டணும்" என்றாள்.

"அவங்க மேல தப்பு இல்ல சாமி. ஞாயித்துக்கெழம நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ பொறந்த நாளு. ஊர்த் திருவிழா முடிஞ்ச மூணாம் நாளு. பெத்தவளுக்கு மறக்குமா? வியாழக்கெழம வரைக்கும் சொல்லாம இருந்தன். நாலு நாளு."

காவியா மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"ஏன்?"

"பயந்துட்டன். பொய் சொன்னதுக்குக் கேசு போடுவாங்கன்னு."

"அது மட்டுமா?"

எதை வைத்து அந்தப் பெண் அப்படிக் கேட்டாளோ தெரியாது. மாரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பயம் பாதி. டீமுல இல்லன்னா கோடைக்கு வீட்டுக்கு வந்துடுவன்னு ஒரு நெனப்பு. முதல் நாள் இல்ல. ரெண்டாம் நாள் வந்துச்சு. அப்புறம் போவல."

காவியா எழுந்தாள். எழுந்து நின்றால் இப்போது அம்மாவைவிட ஒரு சாண் உயரம்.

"வந்திருந்தா ஒரு வாரம் இருந்திருப்பேம்மா. ஒரே வாரம். அதுக்கா?"

கிரவுண்டில் விசில் அடித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். டப்பாவை எடுத்துப்போகவில்லை. மாரம்மா அதை மூடி, வாட்ச்மேனிடம் கொடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். தொப்பூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாளாம்.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்குப் போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது ஞாயிறும் இல்லை. மாரம்மா கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? ஆறு மணிக்கு வீட்டில் இருக்கக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைம் கேட்டாள். காளியம்மாள், "போய்ச் சொன்னியாக்கும்! ஒன்னய யாரு சொல்லச் சொன்னா?" என்று திட்டிவிட்டு, அன்றிலிருந்து தினமும் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நாலாவது ஞாயிறு போட்டி தொடங்குகிறது என்று கம்பெனி பஸ்ஸில் யாரோ போனில் படித்தார்கள். பெங்களூரில், சாயங்காலம் நாலு மணி, பெண்கள் டிக்கெட் இல்லாமலே போகலாம். மாரம்மா அன்றைக்கு ஓவர்டைம் வேண்டாம் என்றாள். சூப்பர்வைசர் ஆச்சரியப்பட்டார். தனியாகப் பஸ் ஏறி, அத்திப்பள்ளியில் மாறி, கேட்டுக் கேட்டு அந்த ஸ்டேடியத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். ஏன் போனாய் என்று நான் கேட்டதற்கு, "எதைக் கெடுத்தன்னு பாக்கணும் இல்ல மாமா" என்றாள்.

பாதிக்கு மேல் காலி நாற்காலிகள். காலேஜ் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இவள் அவர்களை விட்டுத் தள்ளி, ஒரு பக்கத்துக் கம்பத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். எதிரே நம் நாட்டுக் கோல் கீப்பர் பெண்ணின் முதுகு. மஞ்சள் சட்டை, பெரிய கையுறை.

ஆட்டம் ஆரம்பித்தது. எல்லாரும் பந்தோடு தூரத்துக்கு ஓடிவிட்டார்கள். இந்தப் பெண் மட்டும் இங்கே நின்றாள். இரண்டடி முன்னால் வந்தாள், இரண்டடி பின்னால் போனாள். கையைத் தட்டிக்கொண்டாள். யாருக்கும் கேட்காத தூரத்தில் ஏதோ கத்தினாள். இடது கம்பத்தைத் தொட்டாள், வலது கம்பத்தைத் தொட்டாள். மாரம்மா பந்தைப் பார்க்கவே இல்லை. அந்த முதுகையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாகத் தன் பெண் செய்துகொண்டிருந்த வேலை இதுதானா? பதினொரு பேர் ஆட்டம், பத்துப் பேர் அங்கே, ஒருத்தி இங்கே. இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் அவ்வளவு தூரம் கூட்டிப்போனார்களா?

அப்போது எல்லாம் திடீரென்று இந்தப் பக்கம் திரும்பியது. சிவப்புச் சட்டைப் பெண் ஒருத்தி ஓடிவந்து அடித்தாள். கீப்பர் பெண் பாய்ந்தாள். பந்து அவள் விரலில் பட்டும் நிற்காமல் போய் வலையில் விழுந்தது. அவள் எழுந்திருக்காமல் புல்லில் முகம் வைத்துக் கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் பாதி ஆட்டம் முடிந்ததென்று எல்லாரும் உள்ளே போனார்கள்.

மாரம்மா போனை எடுத்தாள். மூன்று தடவை வைத்துவிட்டு நாலாவது தடவை அழுத்தினாள். நாலு தடவை மணி அடித்து, எடுக்கமாட்டாள் என்று நினைக்கும்போது காவியா எடுத்தாள். 

"நான்தான் சாமி."

"என்ன அங்க சத்தம்? எங்க இருக்க?"

"பெங்களூர்ல. ஆட்டம் பாக்க வந்தன்."

 விடுதியில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் கீழே ஹாலில் டிவி முன்னால் இருந்தார்களாம். காவியா மட்டும் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாளாம். பிறகு தெரிந்தது.

"யார்கூட வந்த?"

"யாருமில்ல. நான் மட்டுந்தான்."



"கோலு போச்சா?"

"ஒன்னு போச்சு."

"எந்தப் பக்கம் போச்சு? அவ எங்க நின்னா?"

"சொல்லத் தெரியலயே. இந்த இடது கம்பத்துக்கிட்ட நின்னுட்டு இருந்தா. அந்தப் பொண்ணு வலது பக்கமா அடிச்சா. இவ எகிறினா. விரல்ல பட்டுச்சு, பட்டும் போயிடுச்சு."

"முன்னால ஏறி வந்தாளா, கோட்டு மேலயே நின்னாளா?"

"கோட்டு மேலயேதான்."

"அதான். ஏறி வந்திருக்கணும்" என்றாள் காவியா. "நான்னா புடிச்சிருப்பேன்."

"புடிச்சிருப்ப" என்றாள் மாரம்மா.

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. மேளச் சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது. விசில் அடித்து மறுபடியும் பெண்கள் வந்தார்கள். மாரம்மா எட்டிப் பார்த்தாள்.

"இப்ப சிவப்புச் சட்டைக்காரி வந்து நிக்கறா இங்க. நம்ம பொண்ணு அந்தக் கடைசிக்குப் போயிட்டா. எதுக்கு மாத்திட்டாங்க?"

"பாதி முடிஞ்சா பக்கம் மாறும்மா. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"எங்க பாத்தன் நான்? இதான முதல் தடவ."

 காவியா வைத்துவிட்டாளோ என்று மாரம்மா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"எந்திரிச்சு அந்தப் பக்கம் போ" என்றாள் காவியா. "அங்க இருந்து ஒன்னும் தெரியாது."

"எழுந்து போலாமா? ஒன்னும் சொல்ல மாட்டாங்களா?"

"காலியாத்தான கெடக்குது? போ."

மாரம்மா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, காலி நாற்காலிகளுக்கு நடுவே அந்த நீளமான படிக்கட்டு வரிசையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். மேளம் அடிக்கிற பெண்களைத் தாண்டும்போது ஒன்றுமே கேட்கவில்லை. தாண்டிய பிறகு காவியாவின் குரல் கேட்டது.

"போயிட்டியா?"

"போய்ட்டு இருக்கன். வைக்காத."